உம்மாவின் அறைக்கு ரெஜிபோம் அடித்தது

வாப்பா அடுத்தவர் கூரைகளுக்குக் கீழே ரெஜிபோம் பலகை அடித்தே எங்களை வளர்த்தவர். சவூதியில் பழகிவந்த தொழில். கல்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரத் தொடங்கியதும் ஹோட்டல்கள் முளைத்தன. வாப்பாவுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. கூரையின் சூடு அறைக்குள் இறங்காமல் அந்த இலேசான வெள்ளை நுரைப் பலகை தடுத்துவிடும். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கோ வெறும் அஸ்பெஸ்டஸ் தகடுதான். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் படுக்கையறைக்குள் நின்றால் உச்சந்தலை காயும்.

எங்களுக்கென்றும் பலகைகள் வாங்கி வந்து ஹோலில் அடுக்கி வைத்திருந்தார். இந்தக் கிழமை, வாற கிழமை என்று தள்ளிக்கொண்டே போனார். ஹோட்டல்காரர் கூப்பிட்டால் ஓடுவார்; உம்மா கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். இரவானால் அறைச் சூடு தாங்காமல் முற்றத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். அப்படிப் படுத்திருந்தபோதுதான் பாம்பு தீண்டியது. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன உம்மாவிடம் அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே மௌத்தாகிவிட்டார்.

உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் முன்னால் வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. வெள்ளை உடுத்து, சுடுகிற அந்த அறைக்குள், சுவரைப் பார்த்தபடி இருந்தார். பேச்சே இல்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். வியர்த்துக் கொட்டி மயங்கியும் விழுந்தார். பிரஷர் பார்க்க வந்த நேர்ஸ் எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"இந்தச் சூட்டில இவங்கள வச்சிருந்தீங்கண்டா இன்னொரு ஜனாஸா எடுக்கத்தான் வரும்."

மாமா வீட்டில் ஏசி இருக்கிறது, அங்கே போவோம் என்றோம். உம்மா தலையை ஆட்டி மறுத்தார். வாப்பா வாழ்ந்த வீட்டை விட்டு இத்தா முடியுமுன் வெளியே கால் வைக்கமாட்டார். வாப்பாவோடு வேலை செய்தவர்கள் வாசலில் வந்து நின்று, "உம்மாவக் கொஞ்ச நேரம் குசினிக்குள்ள இருக்கச் சொல்லுங்க, பின்னேரத்துக்குள்ள அடிச்சித் தாறம்" என்றார்கள். நல்ல மனிதர்கள். அதற்கும் உம்மா தலையை ஆட்டினார். பிடிவாதத்தில் அவரை யாராலும் வெல்ல முடியாது. என் கணவர் கட்டாரில். ஆண்பிள்ளை இல்லாத வீடு. மிஞ்சியது நானும் தங்கச்சியும்தான்.

அந்தப் பலகை பார்ப்பதற்குத்தான் சாது. வெட்டுவதற்காக முற்றத்துக்குக் கொண்டுபோன முதல் பலகை சோளகக் காற்றில் எழும்பி, தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வேலிவரை போயிற்று. வாப்பாவின் சூட்டுக் கம்பியைக் கையாளத் தெரியாமல் பாண் வெட்டும் கத்தியால் அறுத்தோம். வெள்ளைப் பொடி தலைமுடியிலும் சோற்றுப் பானையிலும் போய் ஒட்டிக்கொண்டது. தட்டத் தட்ட இன்னும் ஒட்டியது. துக்க வீடென்பதையும் மறந்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் என் கெட்டித்தனம். தகட்டோடு ஒட்டிவிட்டால் வேலை லேசு என்று நினைத்து, செருப்பு ஒட்டும் கம்மை எடுத்து ஏணியில் ஏறி நின்று பலகையில் பூசினேன். என் கண்முன்னாலேயே அது குழிந்து, ஓட்டை ஓட்டையாகப் போயிற்று. வாப்பா தன் கையால் சுமந்து வந்து இறக்கிய பலகை. ஏணியிலேயே குந்தி அழத் தொடங்கிவிட்டேன்.

"அதப் பூசாத மகள். அந்த கம்மு ரெஜிபோமத் தின்னும்."

கட்டிலிலிருந்து உம்மாதான். ஜனாஸா போன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. எதையாவது சொல்லி அந்தக் குரலை மறுபடியும் நிறுத்திவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"தகட்டோட ஒட்டவும் வேணாம். ஒரு விரல் இடம் விடுங்க, காத்து ஓடணும். சட்டத்துக்கு நடுவுல இறுகி நிக்கிற மாதிரி ஒரு நூல் அளவு கூட்டி வெட்டுங்க."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடி உம்மா தெரியும்?" என்றாள் தங்கச்சி.

"சோறு தின்னக்குள்ளயும் அவருக்கு இந்தக் கதைதானே."

அதன்பிறகு உம்மா சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். கோணலாக வெட்டினால் ஏசினார். அந்த ஏச்சு எனக்குத் தேனாக இருந்தது. ஒவ்வொரு பலகையாக அழுத்தி இறுக்கி, கீழே மெல்லிய சட்டம் அடித்து, இடுக்குகளுக்கு வெள்ளி டேப் ஒட்டினோம். கடைசி மூலையில் ஒரு சிறு துண்டு குறைந்தது. நான் உருக்கிய பலகையில் நல்ல பக்கத்தை வெட்டி அதை அடைத்தோம்.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு அறைக்குள் போனேன். கையை உயர்த்திப் பார்த்தேன். மேலிருந்து சூடு இறங்கவில்லை. உம்மா ஒரு கோப்பைக் கஞ்சியை முழுதாகக் குடித்துவிட்டுச் சரிந்து தூங்கிப்போனார். வாப்பா போன பிறகு அவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. நானும் தங்கச்சியும் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். உம்மா எங்களுக்கு மிஞ்சிவிட்டார் என்ற நிம்மதியில் என் கண் கலங்கியது.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம் உம்மா புரண்டு படுத்தார். கண் திறக்கவில்லை. கட்டிலின் மறுபக்கத்தைக் கையால் தடவி, விரிப்பை நேராக்கினார்.

"மகள், வாப்பாவ உள்ளுக்கு வந்து படுக்கச் சொல்லுங்க. இப்பதான் சூடு இல்லயே."

"ஓம் உம்மா" என்று எழுந்து, நான் முன்வாசல்வரைக்கும் போய்விட்டேன்.