ஸ்பெயினுக்குப் போன கடிதத்தில் மூன்று பதவிகள்

உபதேசியார் அமிர்தநாதன் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பூசைக்கு மணி அடித்து வந்தார். மணி என்பது மரியாதைக்குச் சொல்வது. தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலும் அதன் மறுபாதி தொங்கியது. ஆகவே, வேலை உள்ள ஞாயிறுகளில் அவர் அடித்ததும் பாதிப் பேர் கூடையோடு கொட்டகைக்கு ஓடினர்.

இந்த அவலத்தைக் கண்டவர் சிஸ்டர் பிலார். ஹட்டனில் தாதியாக இருந்து ஸ்பெயினுக்குத் திரும்பிய அவர், தம் ஊரில் மூடப்பட்ட கோயிலின் வெண்கல மணியை அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒரே நிபந்தனை: ஆலய நிர்வாகக் குழுவினர் தத்தம் பதவியை ஸ்பானிய மொழியில் குறித்துக் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். 1957 மார்ச் 16, சனிக்கிழமைத் தபாலைத் தவறவிட்டால் மணி வேறொரு நாட்டுக்குப் போய்விடும்.

முந்தின நாள் மாலை, செயலாளரும் மூன்று அங்கத்தவருமாக நால்வர் கொண்ட குழு கூடியது. சிஸ்டர் விட்டுச்சென்ற அகராதியிலிருந்து செயலாளர் அமிர்தநாதன் நான்கு சொற்களைப் பொருளோடு எடுத்து வைத்திருந்தார். 'மியெம்ப்ரோ' வெறும் உறுப்பினர். 'வொகால்' நிர்வாகக் குழுவில் தனிப் பதவி இல்லாவிட்டாலும் பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றவர். 'கொன்செஹால்' நகரசபை அங்கத்தவர். 'திபுதாதோ' பாராளுமன்ற உறுப்பினர். 'வொகால்' என்பதே பொருத்தம் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை.

"என்னைய அந்தக் கடேசிச் சொல்லாப் போட்டுருங்க உபதேசியாரே," என்றார் பெரிய கங்காணி செபமாலை.

"ஐயா, அது பாராளுமன்றத்துக்கு..."

"தெரியும்ங்க. இங்கதான் தோட்டத்து ஆளுங்களுக்கு ஓட்டே இல்லேன்னு சட்டம் போட்டுட்டாங்க. ஸ்பெயின்லயாவது எம்.பி.யா இருந்துட்டுப் போறேன். யாருக்கு நட்டம்?"

கணக்கப்பிள்ளை ஜோர்ஜ் விடுவாரா? "அப்ப எனக்கு நகரசபை. கங்காணி எம்.பி., நான் வெறும் ஆளா? நாளைக்குப் பெரட்டுல எந்த மொகத்தோட நிக்கிறது?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடும் பெரட்டில் யார் யாருக்கு முன்னால் நிற்பது என்பதே தோட்டத்தின் சட்டப் புத்தகம். அதை ஸ்பெயின்வரை நீட்டுவதில் இருவருக்கும் தயக்கம் இல்லை. கூட்டக் குறிப்பேடு நிலைமையைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறது: ஐந்து மணி, முடிவில்லை. ஐந்தரை, முடிவில்லை. ஐந்தே முக்கால், கங்காணி தேநீரை மறுத்தார்.

அமிர்தநாதனுக்குப் பொய் எழுதவும் மனமில்லை, மணியை இழக்கவும் மனமில்லை.

அப்போது கொழுந்தெடுக்கும் தெரேசா தொண்டையைச் செருமினாள். பெண்கள் சார்பில் இருபத்து மூன்று கூட்டங்களுக்கு வந்திருந்தும் ஒரு வார்த்தைகூடப் பேசியதாகப் பதிவில்லாதவள் அவள்.

"எம்.பி.யும் நகரசபையும் இருக்குற கோயிலுக்கு எதுக்கு தானமா மணி, சொந்தமா வாங்கிக்கட்டும்னு அந்த ஊர்ல சொல்ல மாட்டாங்களா?"

மறுத்த தேநீரைக் கங்காணி கையில் எடுத்தார்.

"அப்ப என்னைய வெறும் உறுப்பினராப் போடுங்க," என்றார் கங்காணி அவசரமாக. "அதுக்குங் கீழ ஒண்ணும் இல்லீங்களா?"

"இருந்தா அது எனக்கு," என்றார் ஜோர்ஜ்.

"கீழயும் வேணாம், மேலயும் வேணாம். மூணு பேரும் வொகால்," என்றார் அமிர்தநாதன்.

"பேச உரிமை உள்ளவங்கன்னா, நானுந்தானுங்களே?" என்று கேட்டாள் தெரேசா.

"நீயுந்தாம்மா."

"அப்ப எழுதுங்க."

கடிதம் உரிய தபாலில் போனது. செப்டெம்பரில் மணி வந்தது. அதை எந்தப் பக்கம் பார்க்கத் தொங்கவிடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. கங்காணி தம் வீட்டுப் பக்கம் என்றார். ஜோர்ஜ் ஆபீசுப் பக்கம் என்றார். தெரேசா தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பக்கம் என்றாள். பேசும் உரிமைக்கு மூவரும் கையொப்பமிட்டிருந்தபடியால் அமிர்தநாதனால் எவரையும் தடுக்க முடியவில்லை. ஏழு கூட்டங்கள் நடந்தன. ஏழாவதில், "நான் இன்னும் முடிக்கலீங்க," என்று தெரேசா மூன்றாம் முறை சொன்னபோது, மற்ற இருவரும் பசி தாங்காமல் அவள் பக்கமே கை தூக்கிவிட்டனர்.

மணி லயங்களைப் பார்த்து ஏறியது. முதல் அடி அமிர்தநாதனுடையது.

"இன்னுங் கொஞ்சம் பலமா அடிங்க உபதேசியாரே," என்றாள் தெரேசா.