தானியேல் தூக்கிய கை

மழை வந்தால் எங்கள் காலனியில் முதல் வேலை, கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பது. இன்று காலையும் வைத்தேன், காலுக்கு நான்கு. மேலே என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், பாதத்தில் கட்டோடு. கீழே சமையலறையில் கணுக்கால் தண்ணீர். அந்தச் சேற்று வாடை ஏறியதும் தானியேல் ஞாபகம் வந்துவிட்டான்.

மாடம்பாக்கம் பக்கம் நான் கட்டின வீடுகளை எண்ண உங்கள் விரல் போதாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், சென்ட்ரிங் பலகை சுமந்து, மேஸ்திரியாகி, படித்தவர்கள் இருக்கிற காலனிக்கே சங்கத் தலைவரானேன். பேப்பர் படிப்பதுதான் தகராறு. அதற்குச் சலூன் இருந்தது. முடிவெட்டுகிறவர் வாய்விட்டுப் படிப்பார். படிகார வாசனையில் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் நாட்டை நடத்துவோம்.

அந்தப் பெஞ்சின் ஓரத்தில் தானியேல். மாடி மாடியாக ஏறி டிவி ஆண்டெனா திருப்புகிறவன். அவன் பேச்சும் எங்கேயாவது திரும்பியேதான் இருக்கும். நிலாவுக்கு எவனும் போகவில்லை என்பான். பாக்கெட் பால் குடித்தால் புத்தி மழுங்கும் என்பான். அவன் வாயைத் திறந்தாலே நாங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவோம்.

ஒரு தேர்தலில் எங்கள் வார்டுக்கு நின்றவர், பின்னால் ஓடும் வாய்க்காலை மூடி ரோடு போட்டுத் தருகிறேன், மினி பஸ் விடுகிறேன் என்றார். காலனி ஓட்டு முழுக்க அவருக்கே என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டேன். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் ஒரே ஒரு கை.

"வாய்க்கால மூடிட்டா தண்ணி எங்கண்ணா போவும்? வழி கேட்டுகினு உன் வூட்டு சமையகட்டுக்குத்தான் வரும்."

"அது கை இல்லப்பா, ஆண்டெனா. சிக்னல் தேடிகினு கீது," என்றேன் நான்.

கூட்டமே சிரித்தது. அவன் மெதுவாகக் கையை இறக்கினான். அவர் ஜெயித்தார். வாய்க்காலை மூடிய கான்கிரீட் ஸ்லாப் வேலையை நான்தான் செய்தேன். இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. வயிற்றெரிச்சலே அதுதான்.

தண்ணீர் வழி கேட்டு வந்தபோது தானியேல் இல்லை. கேபிள் வந்ததும் பிழைப்புப் போய், கோவளம் பக்கம் போய்விட்டான் என்றார்கள். போய்த் தேடினேன். மீன் விற்கிற இடத்தில் யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

கோணல் பேச்சு என்று எதையும் ஒதுக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அதற்குப் பிறகு நான் எல்லாப் பேச்சையும் கேட்டேன். செல்போனில் ஒருவன் சொன்னதை நம்பி இவளுடைய சர்க்கரை மாத்திரையை நிறுத்தினேன். பாதத்தில் புண் வைத்தது. அதுதான் இந்தக் கட்டு. நிலாவையும் வாய்க்காலையும் தானியேல் ஒரே குரலில்தானே சொன்னான், நான் எதை வைத்துப் பிரிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இப்போது நிற்பவர் ரோட்டை இன்னும் உயர்த்தித் தருகிறாராம். எதிர்வீட்டு டீச்சரம்மா மட்டும் ஸ்லாபை உடைக்கச் சொல்கிறார். செல்போன் டவரால்தான் இவ்வளவு மழை என்பதும் அவர்தான். ஜனம் இப்போதே சிரிக்கிறது.

"யார் பேச்சத்தான் கேக்கப் போறீங்க?" என்கிறாள் கட்டிலில் இருப்பவள்.

தானியேல் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் கைக்குச் சொன்னேன். அந்தக் கேள்வி இன்னும் சமையலறையில் நிற்கிறது.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஒரு வீட்டின் மேலும் ஆண்டெனா இல்லை.