மூன்று விரல் கரடி

1. மைக்

அன்றைக்கு என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தவர் எங்கள் தலைமை ஆசிரியை. கேட்டு வாங்கியது நான்.

ஜூஜுவாடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பகுதி நேர வேலை, வாரத்துக்கு மூன்று அரை நாள். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து இங்கே வந்தோம். இன்னும் இரண்டு வருடத்தில் எனக்கு ஓய்வு பெறும் வயது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் சிலர், "பிள்ளைங்கள எப்படி டீச்சர் இப்படி வரைய வைக்கறீங்க?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நன்றாக நடந்தவற்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இதை அவர்களில் யாரிடமும் சொன்னதில்லை.

2. நீ எந்த மிருகம்?

வழக்கமாக ஓவிய வகுப்பு என்றால் மாம்பழம், பானை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன். கடலே பார்க்காத பிள்ளைகள் தென்னை மரத்தையும் படகையும் மனப்பாடமாக வரைந்து நீட்டும். எனக்கே அலுத்துவிட்டது. ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட யோசனையை வைத்து ஏழாம் வகுப்பில் ஒரு நாள் சொன்னேன்.

"நீங்க ஒரு மிருகம்னா எப்படி இருப்பீங்க? அத வரைங்க. உலகத்துல இருக்கற மிருகமா இருக்கணும்னு இல்ல. வாலுக்குப் பதிலா செயின் இருக்கலாம். வயித்துக்குள்ள வீடு இருக்கலாம். யாரும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

கால் மணி நேரம் ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை.

வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் பேசுகிற மஞ்சுநாத் மூன்று மூக்குள்ள கிளி ஒன்றை வரைந்தான். "எந்த மூக்கால சாப்பிடும்?" என்று கேட்டேன். "சாப்பிடறது தெலுங்கு மூக்கு டீச்சர். சண்டை போடறதுக்குத்தான் தமிழ் மூக்கு" என்றான். வகுப்பில் எல்லோரையும்விட உயரமான ஒரு பெண், ஒற்றை அறை வீட்டுக்குள் மடங்கிக் கிடக்கும் ஒட்டகச்சிவிங்கியை வரைந்தாள். கழுத்து மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்து தெருக் குழாயில் தண்ணீர் குடித்தது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த பையன் வரைந்த யானைக்குத் தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் மின்சார ஒயர்.

ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். இது என்ன, இது ஏன் இப்படி, இதற்குப் பசித்தால் என்ன செய்யும். அந்தக் கேள்விகள்தான் பாடமே.

ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை.

3. கௌசல்யாவின் படம்

கௌசல்யா மூன்றாவது வரிசையில் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். ஒரே கோட்டில் அவுட்லைன் போடுவாள், ரப்பரைத் தொடவே மாட்டாள். அவள் வரைந்தது ஒரு கரடி. சார்ட் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிற்றில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பல்பு, ஒரு பாத்திரம். உடம்பெல்லாம் கருப்பு. வலது கை மட்டும் பெரிதாக, மணிக்கட்டிலிருந்து சிவப்பாக இருந்தது. அந்தக் கையில் மூன்றே விரல்கள். கை கரடியின் வாய்மேல் இருந்தது.



அவளுடைய அப்பாவை நான் ஒரு முறை பார்த்திருந்தேன். பெருமாள் என்று பெயர். கல்லாவிப் பக்கம் விவசாயக் குடும்பம். இங்கே ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஆள் உயரம், குரல் கட்டை. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது பார்த்தேன். யாரோ அவருடைய இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு வாசலில் நின்று சத்தம் போட்டதையும் பார்த்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவ்வளவை வைத்து முழுக் கதையையும் கட்டிவிட்டேன். சிவப்பு ரத்தம். வாய்மேல் இருக்கும் கை, பேசாதே என்று பொத்துகிற கை. மூன்று விரல் யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. மற்ற பிள்ளைகளின் படம் புரியாததால் கேட்டேன். இவளுடையது புரிந்துவிட்டது என்று நினைத்ததால் கேட்கவில்லை. "சூப்பர்மா" என்று மட்டும் சொல்லிப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல் கொஞ்ச நேரம் என் மேஜைப் பக்கத்தில் நின்றது இப்போது ஞாபகம் வருகிறது.

ஒரு குழந்தை அடி வாங்குகிறது என்று மனதாரச் சந்தேகப்பட்டவள் அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பாள். தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருப்பாள். நான் இரண்டையும் செய்யவில்லை. ஆசிரியர் அறையில் படத்தை விரித்துக் காட்டி, "பாருங்க, ஒரு புள்ள எப்படி மனசத் திறந்திருக்கா" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

4. கண்காட்சி

பள்ளிக்கு ஓவிய நோட்டும் கிரேயானும் கொடுத்த ஒரு கம்பெனியிலிருந்து பெங்களூர்க்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்காகப் பிள்ளைகளின் படங்களைத் தாழ்வாரத்தில் மாட்டினோம். பெற்றோரையும் கூப்பிட்டோம். மதியத்துக்கு மேல் வைத்ததால் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். பெருமாளும் வந்திருந்தார்.

தலைமை ஆசிரியை இரண்டு வார்த்தை பேசி முடித்ததும், "நான் படங்களப் பத்திச் சொல்லவா மேடம்?" என்று கேட்டு மைக்கை வாங்கினேன்.

கிளியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கை தட்டினார்கள். வந்தவர்களில் ஓர் அம்மா ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் ஏறிவிட்டது. கரடியின் முன்னால் போய் நின்றேன்.

"இந்தக் கையைப் பாருங்கள். பேச விடாமல் வாயைப் பொத்துகிற கை. ரத்தம் படிந்த கை. வாயால் சொல்ல முடியாததைக் குழந்தைகள் படத்தில் சொல்லிவிடுவார்கள். நாம்தான் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்."

பெயர் எதுவும் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று விரல் வரைந்த படத்துக்குப் பெயர் எதற்கு? ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள். பெருமாள் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கௌசல்யா பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோ எடுத்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தங்கள் ஆபீசுக்குக் கேட்டார். நானே கழற்றி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். வரைந்தவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

5. விசாரணை

அடுத்த வாரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கு வந்தார்கள். வீடியோ எடுத்த அந்த அம்மா புகார் கொடுத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நான் சொன்னதை அவர் நம்பினார். வந்தவர்களும் பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

"குழந்தை உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா டீச்சர்?"

இல்லை என்பதுதான் பதில். ஒரே சொல். தலைமை ஆசிரியை எதிரில் உட்கார்ந்திருந்தார். மைக்கில் அவ்வளவு பேசிவிட்டு, 'அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நேரடியா சொல்லல. ஆனா படத்துல தெளிவா இருக்கு" என்றேன்.

கண்காட்சியில் செய்தது அவசரம் என்றாவது சொல்லலாம். இதைத் தெரிந்தே செய்தேன். என் மானத்துக்காக ஒரு மனிதரின் வீட்டுக்கு அவர்களை அனுப்பினேன்.

6. அம்மா வந்தார்

இரண்டு நாள் கழித்துக் கௌசல்யாவின் அம்மா வந்தார். அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் பேக்கிங் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"ஏன் டீச்சர், எம்புள்ள உங்ககிட்ட வந்து எங்கப்பா அடிக்கறாருன்னு சொல்லுச்சா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்பிடி சொன்னீங்க?"

"படத்தப் பாத்து…"

"படத்தப் பாத்து!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வந்தவங்க பாப்பாவோட சட்டையத் தூக்கி முதுகப் பாத்தாங்க. கதவ சாத்திட்டுதான் பாத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா லைன் வீட்டு சனம் பூரா வெளிய நின்னுட்டிருந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. வெளிய நின்னவங்ககிட்ட யாரு எழுதிக் குடுக்கறது?"

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் விடவில்லை.

"அந்தக் கரடி யாரு தெரியுமா? அவதான். அவரு இல்ல. பிரஸ்ல வெரலு போயி அவரு நாலு மாசம் வூட்ல இருந்தாரு. சோத்துல கையே வெக்க மாட்டாரு. ஸ்பூன் குடுத்தா தூக்கி எறிவாரு. களி கிண்டி வெச்சா பாத்துட்டே உக்காந்திருப்பாரு. இவ அப்ப ஒண்ணாவது. ரெண்டு வெரல மடக்கி வெச்சிக்கிட்டு, மூணு வெரல்ல களிய எடுத்து வாயில போட்டுக் காட்டுனா. 'இப்பிடி வருதுப்பா'ன்னு. அன்னியிலருந்து ரெண்டும் அப்பிடித்தான் தின்னுதுங்க. ஸ்கூல்லயும் அவ அப்பிடித்தான் தின்னுவா. ஒரு நாளாச்சும் பாத்திருக்கீங்களா டீச்சர்?"

பார்த்ததில்லை. மதிய உணவு நேரத்தில் நான் ஆசிரியர் அறையில் இருப்பேன். அல்லது பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பேன்.

வாயைப் பொத்துகிற கை என்று நான் ஊருக்குச் சொன்ன கை, சாப்பிடுகிற கை.

7. திரும்ப வாங்கியது

அன்று சாயங்காலமே விசாரணைக்கு வந்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். குழந்தை எதுவும் சொல்லவில்லை, நானாகக் கற்பனை செய்தேன், அவர்கள் கேட்டபோதும் மறைத்தேன் என்று எழுதினேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "இத குடுத்தா உங்களுக்கு மெமோ வரும்" என்றார். "வரட்டும் மேடம்" என்றேன். வந்தது.

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று என் தப்பைச் சொன்னேன். ஆனால் கண்காட்சிக்கு வந்த பெற்றோர் யாரும் அங்கே இல்லை. லைன் வீட்டுக்காரர்கள் இல்லை. பெங்களூர்க்காரர்கள் இல்லை. அவதூறு போன இடத்துக்கெல்லாம் மன்னிப்பு தானாகப் போவதில்லை. வீடு வீடாக நான்தான் போனேன். சில வீடுகளில், "அதெல்லாம் நாங்க நம்பவே இல்ல டீச்சர்" என்றார்கள். அப்படிச் சொன்ன விதத்திலேயே நம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

படத்தை வாங்க அந்தக் கம்பெனிக்குப் போனேன். ரிசப்ஷனில் கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு பட்டை, 'மௌனம்' என்று அர்த்தம் வரும் சொல். அந்தப் பெயரை வைக்க நான்தானே காரணம். அப்ரூவல் வேண்டும் என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் அந்த அம்மாவே கீழே இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவரே ஃப்ரேமோடு இறக்கிக் கொடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு பெருமாளின் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். மரியாதை குறையவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன மன்னிச்சிருங்க. தெரியாம…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியலன்னா கேட்டிருக்கலாமில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அஞ்சாறு வருசமா இந்தக் கைய வெளிய காட்டாமத்தான் இருந்தன். கேன்டீன்ல எல்லாரும் போன பிறகுதான் சாப்பிடப் போவன். பாப்பாதான் 'ஏம்ப்பா ஒளிக்கற'ன்னு கேட்டுக் கேட்டு வெளிய எடுக்க வெச்சா. போன வருசந்தான் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சன்." வலது கையை மடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "இப்ப மறுபடியும் கடைசியாத்தான் போறங்க."

ஃப்ரேமைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன்.

கௌசல்யா உள்ளிருந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள். தொடவில்லை. இத்தனைக்குப் பிறகாவது கேட்க வேண்டும் என்று, "கௌசல்யா, அந்தக் கை மட்டும் ஏன்மா சிவப்பு?" என்று கேட்டேன்.

"கருப்பு தீந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

8. இப்போது

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை தன்னை மிருகமாக வரைந்து கொடுத்தால், அது தன்னையே உங்கள் கையில் கொடுக்கிறது. அதற்கு அர்த்தம் சொல்லும் உரிமையைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் சும்மா இருக்காதீர்கள், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் அந்தக் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேளுங்கள். அது சொல்வதைக் கேளுங்கள். சொல்லாவிட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். நான் அதை ஐம்பது வயதுக்கு மேல்தான் பழகினேன், அதுவும் இன்னொருவர் செலவில்.

கௌசல்யா ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடியும் பள்ளிக்கு வந்தாள். ஓவிய வகுப்புக்கும் வந்தாள். அந்த வருடம் முழுவதும் அவள் வரைந்துகொண்டுதான் இருந்தாள், பென்சில் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் அவள் வரிசைப் பக்கம் நடந்து வந்தால் இடது கையை வளைத்துத் தாளின்மேல் வைத்து மறைத்துக்கொள்வாள். முறைக்க மாட்டாள், நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். நான் கடந்து போகும்வரை கை அங்கேயே இருக்கும்.

நான் நடையை நிறுத்தாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். எட்டாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போகும்வரை, என்ன வரைந்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.