ஆன்ட்வெர்ப் மாதாவும் பிலோமினாவின் புருவமும்

மெழுகு வாசனை... வெளிநாடு என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான். தரையில் பூசித் தேய்த்துப் பளபளப்பாக்கிய மெழுகு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஊரில் ஓவிய மியூசியத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது, எங்கள் ராயபுரம் சர்ச்சில் மெழுகுவத்திகளுக்கு நடுவே திருவிழாப் பூசைக்கு நிற்பது போலவே இருந்தது.

1950களின் நடுவில் எனக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. கப்பல் ரிப்பேருக்காக அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. நமக்கு ஓவிய ரசனையெல்லாம் உண்டா என்று கேட்காதீர்கள் நண்பர்களே! வெளியே பல் தந்தியடிக்கும் குளிர். மியூசியத்தில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடையாது, உள்ளே நல்ல கதகதப்பு. அவ்வளவுதான் என் கலை ஆர்வம்.

மனசு மட்டும் ராயபுரத்திலேயே கிடந்தது. பிலோமினா, எங்கள் பக்கத்துத் தெருப் பெண். இரண்டு வருஷ கான்ட்ராக்டில் நான் கப்பல் ஏறும்போது, "போய்ட்டு வாய்யா, நான் இங்கதான் கீறேன்" என்றாள். ஆனால் அவள் அப்பாவிடம் நாங்கள் இன்னும் பெண் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அவளுக்கு முறைப்பையன் ஒருத்தன் இருந்தான். திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, புது சைக்கிள் வேறு.

என்னோடு வேலை பார்த்த காதர் வண்ணாரப்பேட்டைக்காரன். உயிர் தோஸ்துதான், ஆனால் வாயைத் திறந்தால்...

"ரெண்டு வருசம் எவ மாமு காத்துகினு இருப்பா? அந்த சைக்கிள்காரன் இந்நேரம் அவங்க வூட்டாண்ட பெல்லு அடிச்சிகினு இருப்பான்!"

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். அவள் கடிதம் சின்னதாக வந்தால், ஏன் சின்னது? நீளமாக வந்தால், எதை மறைக்க இவ்வளவு நீளம்? மியூசியத்தில் எந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தாலும், பக்கத்தில் நிற்கிறவன் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, கடைசி அறையில் மாதா படம் ஒன்று. கையில் குழந்தை, நீல முக்காடு, குனிந்த பார்வை... அப்படியே பிலோமினா முகம்! இடது புருவத்தில் அதே சின்ன வெட்டு. இவளுக்கு அது சிறு வயதில் கட்டுமரத்தின் முனை இடித்து வந்தது. மாதாவுக்கு எப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

நம் ஊரில் மாதாவைப் பார்த்தால் என்ன செய்வோம்? நானும் அதைத்தான் செய்தேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். முழங்கால் போட்டேன். "அம்மா, அவள வேற எவனுக்கும் கட்டிக் குடுத்துறாம பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டேன். பிறகு எழுந்து, படத்தில் மாதாவின் காலைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தேன்.

பின்னாலிருந்து காலரில் ஒரு பிடி! மியூசியக் காவலாளி. வெறுங்காலும் ஆயில் கறை படிந்த கையுமாக ஒரு கறுப்பு ஆள் படத்தைத் தொட்டால் என்ன நினைப்பார்? திருட வந்தவன் என்றுதான். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை, என் பாஷை அவருக்குப் புரியவில்லை. கடைசியில் சிலுவை போட்டுக் காட்டினேன். பிடி தளர்ந்தது. ஆனால் சந்தேகம் தளரவில்லை. அதற்கப்புறம் நான் போன ஞாயிறுகளில் எல்லாம் எனக்குப் பின்னாலேயே நின்றார்.

ஊருக்குத் திரும்பிய அன்று ஹார்பர் கேட்டில் பிலோமினா நின்றிருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த சந்தோஷத்தில் மாதா கதை முழுவதையும் உளறிக் கொட்டினேன்.

"இன்னாது, படத்துல என் புருவத்து வெட்டா? யாராண்ட கத வுடுற? படமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எவளையோ பாத்துகினு இருந்துக்கீற. யாருய்யா அவ?"

கல்யாணம் நடந்தது. சைக்கிள்காரன்தான் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினான், பாவம். ஆனால் பிலோமினாவின் சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. சண்டை வந்தால் போதும், "ஆன்ட்வெர்ப்காரி ஆக்கிப் போடுவா, போய்த் துன்னு" என்பாள். பிள்ளைகள் பிறந்து, பேத்தி பிறந்த பிறகும் அதே பாட்டு.

போன வாரம் பேத்தி அந்த மியூசியப் படங்களையெல்லாம் போனில் எடுத்துக் கொடுத்தாள். தள்ளித் தள்ளித் தேடினேன். கிடைத்துவிட்டது! நீல முக்காடு, குழந்தை, குனிந்த பார்வை. முகத்தைப் பெரிதாக்கினேன்...

புருவத்தில் வெட்டு இல்லை. முகமும் பிலோமினாவின் முகமே இல்லை. அது வட்ட முகம், இவளுக்கு நீள முகம்.

பிலோமினா போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"வெட்டே இல்லியேய்யா."

"இல்லதான்."

"அப்போ அங்க நின்னுகினு யாரைத்தான்யா பாத்த?"

அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினேன்.

இன்றைக்குப் பிரிந்திருக்கும் பிள்ளைகள் தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள். சைக்கிள் பெல் சத்தம் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்காது. ஆனால் ஒரு முகத்துக்காக அப்படி ஏங்கி, போகிற இடமெல்லாம் அதையே பார்க்கிற பைத்தியக்காரத்தனம்... அது அவர்களுக்கு வாய்க்காது என்றுதான் நினைக்கிறேன்.

பிலோமினா போனைத் திருப்பித் தரவில்லை. "இத்தினி வருசமா மாதாவையா நான் திட்டிகினு கெடந்தேன்" என்று முணுமுணுத்தாள். பிறகு மெதுவாக மாதாவின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

விரல் பட்டதில் படம் நகர்ந்து அடுத்த படம் வந்துவிட்டது.

"எங்கய்யா பூட்டா?" என்று என்னைப் பார்த்தாள்... அதே சந்தேகப் பார்வை.