ஒரு ரொட்டி என்னை நோயாளி ஆக்கிய கதை

இன்று மதியம் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், எங்கள் இரும்பு உருக்காலையில் எனக்கு இறுதிச் சடங்கு நடந்தது. காரணம், என் டிபன் பாக்ஸ்.

என் மனைவி ஸ்டெல்லா குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் வைத்தே ரொட்டி சுட்டுவிட்டாள். மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனைக்கு எங்கள் ஊர் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலே இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றது. கூடவே ஃபிளாஸ்க் நிறைய முருங்கைக்கீரை சூப்.

சாப்பாட்டு நேரத்தில் பாக்ஸைத் திறந்தேன். பக்கத்தில் சாம்பார் சோறு பிசைந்துகொண்டிருந்த கிரேன் ஆபரேட்டர் ரமேஷ் பதறிப்போனான்.

“இன்னா நைனா, ரொட்டியும் சூப்பும்? உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்லடா. ஊட்ல சுட்டது. துன்னு பாரு.”

“ஐயோ, வேணாம். நீ துன்னு தெம்பா இரு.”

நம் ஊரில் காய்ச்சல்காரனைத் தவிர ரொட்டி தின்பவன் யார்? சேதி கான்ட்ராக்டர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இரண்டு அட்டாக் வந்து போயிருந்தது.

அவர் வந்து தோளில் கை வைத்தார். “அண்ணாத்தே, ஃபர்னஸ் கிட்ட நிக்காதீங்க. ஊட்டுக்குப் போங்க. டாக்டர் சர்டிஃபிகேட் எடுத்துக்கினு வந்தா பாப்போம். அதுவரைக்கும் வேற ஆளு போட்டுக்கறேன்.”

இருபது வருடம் உலைக்கு முன்னால் நின்றும் வேகாத உடம்பு, ஒரு துண்டு ரொட்டியில் வெந்துபோனது. வேறு ஆள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால், ஸ்டெல்லா காலி பாக்ஸைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

“அல்லாத்தையும் துன்னுட்டியா? நாளைக்கும் சுடட்டா?”

என்ன சொல்ல? பதில் தெரிந்த மகான்கள் கீழே எழுதுங்கள். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எவனாவது எழுதினால், பிளாக்.