தம்பி குடித்த பாயசம்

முதலில் கொசுக்கடி என்றுதான் நினைத்தேன். வயிற்றில் இன்சுலின் ஊசி ஏறிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு, சுற்றிலும் சிவப்பு, தாங்க முடியாத சொறிச்சல். அடுத்த வேளை ஊசியைத் தொடைக்கு மாற்றினேன். அங்கேயும் தடித்தது.

பிளஸ் ஒன் படிக்கும்போதிலிருந்து எனக்கு முதல் வகை நீரிழிவு (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை நம் உடலின் காவல் அணுக்களே அழித்துவிடும் நோய்). வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றாவிட்டால் உயிர் நிற்காது. அந்த இன்சுலினையே இப்போது உடம்பு வேண்டாம் என்றது. நான் உயிரித் தொழில்நுட்பம் படித்தவள். பயத்துக்கு முன்னால் எனக்கு ஆர்வம்தான் வந்தது. தடிப்பைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டு, அன்று முழுக்க ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன்.

உங்களுக்கும் இப்படி வந்தால் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நான் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி உட்காராதீர்கள்.

நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர் என்னைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு நோய் எதிர்ப்பியல் மருத்துவர். பாதி நேரம் நோயாளிகளோடு, பாதி நேரம் ஆய்வுக்கூடத்தில். மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் பேசினார்.

"கேட்டோ மோளே, உன்னோட காவல்காரனுக்கு ரெண்டு சூக்கேடு, ரெண்டு வியாதி. வீட்டாளைக் கள்ளன்னு அடிச்சுக் கொன்னான். அது நீரிழிவு. இப்போ வீட்டுக்குச் சோறு கொண்டு வர்றவனையும் கள்ளன்னு பிடிக்கிறான். இது அலர்ஜி."

"ரெண்டையும் ஒருத்தனேதான் செய்றானா டாக்டர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கே இருக்கேன்?" என்று சிரித்தார்.

அதுதான் அவருடைய ஆய்வு. தன்னையே தாக்கும் எதிர்ப்பும், ஒன்றுமில்லாததற்குப் பொங்கும் எதிர்ப்பும் ஒரே உடம்பில் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மருத்துவமனையில் சேர்த்து, இன்சுலினைத் துளியிலும் துளியாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏற்றினார்கள் (உடலுக்கு அந்தப் பொருளைப் பையப் பையப் பழக்கும் சிகிச்சை). தடிப்பு முழுதாகப் போகவில்லை, சிறுத்தது. அது போதும் என்றார். எனக்கும் போதும் என்றிருந்தது.

நோயாளிகளின் உடன்பிறந்தோரின் ரத்தமும் அவருடைய ஆய்வுக்குத் தேவைப்பட்டது. நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே சிலருடைய ரத்தத்தில் தன்னெதிர்ப்பான்கள் (சொந்த உடலுக்கு எதிராக உருவாகும் புரதங்கள்) தென்படும். பெரும்பாலான உடன்பிறந்தோருக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை. அதைச் சொல்லித்தான் தம்பி குமரேசனை அழைத்துப் போனேன். பிளஸ் டூ படிக்கிறான், வாலிபால் ஆடுவான், ஊசி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். போகும் வழியெல்லாம் அவனுக்கு நான் வகுப்பு எடுத்தேன். இரணியல் தாண்டும்போது, "அக்கா, இதையெல்லாம் எனக்க கணையத்துகிட்ட சொல்லு. நான் கொஞ்சம் தூங்குகேன்" என்றான்.

முடிவைச் சொல்ல மருத்துவர் எங்கள் மூவரையும் அழைத்தார். அம்மாவையும் அழைத்து வரச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

தம்பியின் ரத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தன்னெதிர்ப்பான்கள் இருந்தன. சர்க்கரை இன்னும் சரியாகவே இருக்கிறது. ஆனால் இப்படி இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருநாள் நோய் வந்துவிடும். எப்போது என்று சொல்ல முடியாது. வருவதைத் தள்ளிப்போடும் மருந்தைப் பற்றிப் படித்திருந்தேன். அதைக் கேட்டேன்.

"உண்டு. சிலருக்குக் கொஞ்ச காலம் தள்ளிப்போகும். நிற்காது. உன் தம்பிக்கு இப்போ அதைக் கொடுக்க எனக்கு வழி இல்லை. கள்ளம் சொல்ல மாட்டேன் மோளே."

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "பாயசம் குடிச்சதுனாலயா டாக்டர்?"

மருத்துவருக்குப் புரியவில்லை. எனக்கும் தம்பிக்கும் புரிந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையிலேயே விளம்புவார்கள். பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப் பழத்தைப் பிசைந்து, கையால் வழித்துக் குடிக்க வேண்டும். வயதானவர்கள் கையை மறித்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கல்யாண வயதில் ஒரு பெண் மறித்தால், "என்ன மக்களே, சுகரா?" என்று கேள்வி வரும். பிறகு அது ஊர் ஊராகப் போகும். அதனால் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். பந்தியில் தம்பி எப்போதும் என் பக்கத்தில் உட்காருவான். என் இலையில் பாயசம் விழுந்ததும் அவன் கை பாய்ந்து வந்து வழித்துவிடும். அவன் சின்னப் பிள்ளையில் தொடங்கியது. சொந்தக்காரர்கள் சிரித்துச் சிரித்து அவனுக்குக் கொதியன் என்று பேர் வைத்தார்கள். ஆசை அடங்காத தீனிக்காரன் என்று அர்த்தம். அவன் அந்தப் பேரைச் சந்தோஷமாகச் சுமந்தான்.

இது இனிப்பினால் வரும் நோயே இல்லை என்று மருத்துவர் விளக்கினார். வீட்டில் நான் படம் போட்டு விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

"நீ படிச்சவ, சொல்லுகே. 'அவளுக்குள்ளதையும் குடிலே'ன்னு அவன்கிட்ட சொன்னது ஆரு? நான்லா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"போடி. எனக்க பிள்ளைக்கு நான் என்னத்தக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்."

இப்போது வீட்டில் சர்க்கரை டப்பா இல்லை. தம்பி குளியலறைக்குப் போனால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுக்கிறாள். அவன் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். விளையாடிவிட்டு வருபவனுக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும்? தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன்.

பூதப்பாண்டியில் மாமா மகள் கல்யாணம் வந்தது. வழக்கம்போல அவன் என் பக்கத்தில். எதிர்ப் பந்தியில் அம்மா. விளம்பி வந்தவர் அடைப்பிரதமன் பாயசத்தை என் இலையிலும் அவன் இலையிலும் ஊற்றிவிட்டுப் போனார். அவன் கை நீளவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா குனிந்துகொண்டாள்.

எதிரிலிருந்த மாமா விடவில்லை. "ஏலே கொதியா, என்னல அப்படியே இருக்கே? பாயசம் கண்டவுடனே பல்லிளிப்பியே?"

நாலு பேர் திரும்பினார்கள். தம்பி பப்படத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான். அது தூளாகிவிட்டது.

என் இலையை வழித்தேன். பிறகு கையை நீட்டி அவன் இலையையும் வழித்துக் குடித்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு பாயசம். தேங்காய்ப்பாலும் வெல்லமும் தொண்டையில் ஒட்டின. ருசியாகவே இருந்தது.

"பாருடே! கொதி அக்காளுக்கும் தொத்திட்டு!" என்றார் மாமா. பந்தியே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களுக்கு அப்பால், சுவரோரம் நின்று ஊசி போட்டேன். குடித்ததற்குச் சேர்த்து அளவு கூட்டியிருந்தேன். தம்பி கூடவே வந்தான். வழக்கமாகத் திருப்பிக்கொள்ளும் முகத்தை இன்று திருப்பவில்லை. தடிப்பு மெல்ல எழுந்து வந்தது.

"வலிக்குமா அக்கா?"

"வலி இல்ல. சொறியும். பொறவு அடங்கிரும். உனக்கு இந்தத் தடிப்பெல்லாம் வராதுடா. இது எனக்கு மட்டும் வந்தது."

அவனுக்கு எது வராது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.

நோய் வந்த பிறகான காலம் எனக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. அதற்கு வேளை உண்டு, அளவு உண்டு. வருவதற்கு முன்னால் உள்ள காலத்தில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. அவன் அதற்குள் இருக்கிறான். உடம்பு முழு ஆரோக்கியத்தோடு, ஒவ்வொரு தாகத்திலும் தன்னைச் சந்தேகித்துக்கொண்டு. இதை வாசிப்பவர்களில் இப்படிக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், உங்களுக்குச் சொல்ல என்னிடம் வழி எதுவும் இல்லை. இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தடிப்பு அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். உள்ளே அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள். குமரேசன் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, நான் பிடிப்பது போலவே, தொப்புளுக்குப் பக்கத்தில் தன் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தான்.

"இங்கதான?" என்றான்.

"ஆமா. கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றேன்.