கோடு போட்டவனுக்கு மீதிப் பங்கு

அண்ணனும் நானும் மூன்று வருடமாகப் பேசவில்லை. சாம்பல்தீவு ஊரில் அப்பா விட்டுப்போன காணியைப் பிரிக்கும்போது வந்த கோபம். தெருப்பக்கத்தில் நான் படகு எஞ்சின் திருத்தும் கொட்டில் இருந்தது. பின்பக்கத்தில் கிணறும் அண்ணனின் கத்தரித் தோட்டமும். யார் அளந்தாலும் மற்றவனுக்கு நம்பிக்கை வராது.

ஒரு ஞாயிறு மனைவி பத்திரிகையில் வந்த புதிரை வாசித்தாள். பகை கொண்ட இரண்டு அரசர்களுக்கு ஒரே தீவு. யாரும் குறை சொல்லாமல் எப்படிப் பிரிப்பது? விடையும் கீழே இருந்தது: ஒருவன் கோடு போடவேண்டும், மற்றவன் விரும்பிய பக்கத்தை முதலில் எடுக்கவேண்டும்.

"ராசாக்களே இப்படிப் பிரிக்கினம். உங்களுக்கென்ன?" என்றாள்.

அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே போய் அண்ணனிடம் சொன்னாள். "அவனே கோடு போடட்டும்" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டில் போனால் தொழிலே போய்விடும். தெருப்பக்கத்தைச் சின்னதாக்கினால் அண்ணன் அதை எடுக்கமாட்டார். ஆனால் அந்தத் துண்டோடு நான்தான் கிடக்கவேண்டும். பெரிதாக்கினால் அவர் அதையே எடுத்துவிடுவார். வேலிக்கு நடும் கதியால் தடிகளை நட்டு வலைக்கயிற்றைக் கட்டினேன், பிடுங்கினேன், தள்ளி நட்டேன். எஞ்சினைக் கழற்றிவிட்டு எந்த நட்டு எதற்கென்று மறந்து நின்றேன். கடைசியில், எந்தப் பக்கம் வந்தாலும் அழமாட்டேன் என்று தோன்றிய இடத்தில் கயிற்றை விட்டேன்.

அண்ணன் வந்து கயிற்றோரமாக நடந்தார். கொட்டிலை நின்று பார்த்தார்.

"நான் பின்பக்கம் எடுக்கிறன்."

மூச்சு விட்டேன்.

"ஆனா தெருவுக்கு நான் பறந்தோ போறது?" என்றார். "நீ எஞ்சினை இறக்கி ஓட்டிப் பாக்கிற பீப்பாய்க்குத் தண்ணி எங்கால வரும்? அந்த ராசாக்களுக்குக் கிணறு இல்லைப் போல."

உண்மைதான். பேசாமல் இருந்த காலத்திலும் அவர் என் கொட்டிலைக் கடந்தே தெருவுக்குப் போனார். நானும் அந்தக் கிணற்றிலேயே அள்ளினேன். அதனால் கோடு போடும்போது அது நினைவுக்கே வரவில்லை.

"வழி விடுறன், அண்ணை" என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.

"ஓம், விடு. நீயும் தண்ணி அள்ள வா. ஆனா நான் இல்லாத நேரம் பாத்து வராதை. கள்ளன் மாதிரிப் பதுங்கி வாறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

அடுத்த நாள் காலை பீப்பாய் காய்ந்து கிடந்தது. எஞ்சினைத் திருத்தத் தந்தவர் அவசரப்படுத்தினார். அண்ணன் வெளியே போயிருந்தார். நான் வாளியோடு கொட்டில் வாசலில் அங்குமிங்கும் நடந்தபடி அண்ணனின் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் அவரோடு என்ன கதைப்பதென்றுதான் விளங்கவில்லை.